இத்தாலோ-டால்மேஷிய மொழிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலோ-டால்மேஷியம் என்பது லத்தீனிலிருந்து வந்த மொழிகளில் ஒரு கிளை; இத்தாலியம், நேப்பிள்ஸ் மொழி, சிசிலியம், டால்மேஷியம் ஆகியவை இதில் அடங்கும். இந்தக் கிளையைப் புதிதாகப் படிப்பவர்கள் போடும் ஒப்பீட்டு அட்டவணைகளில் ஊர்ப்பெயரும் மொழிப்பெயரும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோளாறு முதல் நிரலிலேயே தொடங்கிவிடும்.

இத்தாலியத்தை வேராக வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் ஒழியாத தவறு. முதல் நிரலில் இத்தாலியச் சொல், அடுத்து நேப்பிள்ஸ், அடுத்து சிசிலி; பிறகு "இத்தாலியம் இப்படித் திரிந்தது" என்று விதி. இன்றைய இத்தாலியம் 14-ஆம் நூற்றாண்டுப் புளோரன்ஸ் எழுத்து வழக்கிலிருந்து வளர்ந்தது. நேப்பிள்ஸ் மொழியும் சிசிலியமும் அதன் கொச்சை அல்ல. லத்தீனிலிருந்து நேரே வந்தவை. அக்காளைத் தாயாக்கினால் கணக்கு எங்கே உடைகிறது பாருங்கள்.

'அதிகம்' என்பதற்கு இத்தாலியத்தில் பியூ, நேப்பிள்ஸில் க்கியு. 'சமதளம்' பியானோ, கியானோ. உடனே "பி, கி ஆகும்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் 'பாதம்', பியேதே, நேப்பிள்ஸில் 'கியேதே' ஆகியிருக்க வேண்டுமே? அங்கே அது பேதெ. லத்தீனை முன்னால் வையுங்கள்: ப்ளூஸ், ப்ளானும், பெதெம். 'ப்ள' இருந்த இடத்தில் கி. வெறும் 'ப' இருந்த இடத்தில் ப. சிக்கல் தீர்ந்தது.

உயிரெழுத்திலும் இதே கதை. நட்சத்திரம் ஸ்தெல்லா, அழகி பெல்லா; இத்தாலிய எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எகரம். சிசிலியிலோ ஸ்திட்டா, பெட்டா. லத்தீனில் முன்னதற்கு நெடில் ஏ, பின்னதற்குக் குறில் எ. சிசிலியத்தில் ஏ, இ, ஈ மூன்றும் இகரத்தில் சேர்ந்துவிடும். குறில் எ அப்படியே நிற்கும். எனவே லத்தீன் நிரலில் நெடிலையும் குறிலையும் கட்டாயம் குறியுங்கள். சாதாரண லத்தீன் எழுத்து அதைக் காட்டாது. அகராதியில் மேலே கோடிட்ட உயிரைப் பார்த்து எழுத வேண்டும். தமிழ் படித்தவர்களே இதைக் கோட்டைவிடுவதுதான் எரிச்சல்.

(அந்த 'ட்ட' நம் 'பட்டம்' போல அல்ல. 'வண்டி'யின் டகரம் இரட்டித்தால் எப்படியோ அப்படி.)

இத்தாலிக்குள் இருப்பதெல்லாம் இந்தக் கிளை

இல்லை. இத்தாலியின் குறுக்கே மொழியியலாளர் போடும் எல்லையான லா ஸ்பெட்சியா–ரிமினி கோட்டுக்கு வடக்கேயுள்ள லொம்பார்து, பியெமொந்து மொழிகள் வேறு குழு. சார்தீனியம் தனி.

கோர்சிகா

ஆட்சி பிரான்சுடையது, மொழி இத்தாலியின் தஸ்கனி வழக்குக்கு உறவு; எனவே இந்தக் கிளையில் சேரும்.

டால்மேஷியத்தை ஒரே மொழியாக எழுதுவது

டால்மேஷியம் இன்றைய குரோவேஷியக் கடற்கரையில் பேசப்பட்டு அழிந்துபோன மொழி. நமக்குக் கிடைத்த சொற்களில் பெரும்பங்கு வேலியா (இன்றைய கிர்க்) தீவின் துவோனே உதாயினாவிடமிருந்து வந்தது. 1897-இல் மொழியியலாளர் மத்தேயோ பார்த்தோலி கேட்டு எழுதினார். மறு ஆண்டு ஜூன் 10-இல் உதாயினா வெடிவிபத்தில் இறந்தார். அவருக்குக் காது மந்தம், பல் இல்லை, அந்த மொழியைப் பேசியே ஏறக்குறைய இருபது ஆண்டாகியிருந்தது. அதையும் பெற்றோர் தங்களுக்குள் பேசக் கேட்டுக் கற்றவர். அவர் உச்சரிப்பின் நுணுக்கத்தை வைத்து விதி கட்டாதீர்கள்.

ரகூசா, அதாவது இன்றைய துப்ரோவ்னிக், வேறு வழக்கு. 15-ஆம் நூற்றாண்டில் அங்கே ஆசிரியராக இருந்த பிலிப்போ திவெர்சி குறித்துவைத்த சொற்களில் வீடு 'கேசா', அப்பா 'தேதா'. வேலியாவில் அவை 'குவோசா', 'துவோதா'. இரண்டையும் ஒரே நிரலில் கலக்காமல், ஒவ்வொரு சொல்லின் பக்கத்திலும் ஊரையும் நூற்றாண்டையும் எழுதிவையுங்கள்.