பெரிய எழுத்தாளரைப் பாத்து எழுதிப் பழகுறீங்களா? சொதப்புறது இங்கதான்

நல்லா எழுத வரணும்னா பெரிய எழுத்தாளர்களை இமிடேட் பண்ணிப் பாருன்னு எல்லாரும் சொல்றாங்க, சரியான அட்வைஸ்தான், ஆனா பலபேர் அதைச் செய்யுற விதத்துல இருந்த நடையும் போயிடுது.

பெரிய சொதப்பல், வார்த்தையை மட்டும் கடன் வாங்குறது. எண்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதின ஒருத்தரைப் படிச்ச சூட்டோட "அவன் யாதொன்றும் பேசினானில்லை"ன்னு எழுதுறாங்க. அவர் காலத்துல அது இயல்பு, இன்னைக்கு அது மாறுவேஷப் போட்டி. எடுத்துக்க வேண்டியது வேற. உதாரணத்துக்கு நானே ரெண்டு வரி எழுதுறேன்: "அம்மா போய்விட்டாள், வீடு முழுக்க ஆட்கள். அவன் வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தான்." துக்கம், கண்ணீர்னு ஒரு வார்த்தை கிடையாது, ஆனா அவனுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு புரியுதுல்ல? நீங்க படிக்கிற எழுத்தாளர் எதைச் சொல்லாம விட்டார், ஏன் இந்தச் செருப்பு மாதிரி ஒண்ணுகிட்ட போய் நிறுத்தினார், அந்த முடிவைத்தான் திருடணும்.

அடுத்தது, பக்கம் பக்கமா பாத்து காப்பி பண்றது. கை வலிதான் மிச்சம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சின்ன வயசுல 'ஸ்பெக்டேட்டர்'ங்கிற இங்கிலாந்துப் பத்திரிகையோட கட்டுரைகளை வச்சுப் பழகின கதையைத் தன் சுயசரிதையில சொல்லியிருக்கார். ஒவ்வொரு வாக்கியத்தோட கருத்துக்கும் சின்னதா ஒரு குறிப்பு, அதைச் சில நாள் தூக்கி வச்சுடறது, அப்புறம் புத்தகத்தைத் தொடாம முழுக் கட்டுரையையும் சொந்த வார்த்தையில எழுதி, ஒரிஜினலோட வச்சுப் பாத்துத் திருத்தறது. சில சமயம் குறிப்புகளைக் கலைச்சுப் போட்டுட்டு சில வாரம் கழிச்சு வரிசைப்படுத்திப் பாப்பாராம், கதைகளைச் செய்யுளாக்கி மறுபடி உரைநடையாவும் மாத்துவாராம். இதுல நம்மாளுங்க ஸ்கிப் பண்றது அந்த நாள் இடைவெளியைத்தான். படிச்ச உடனே எழுதினா அவரோட வாக்கியமே ஞாபகத்துல இருந்து வந்து விழும், அதை ஒப்பிட்டுப் பாத்து என்ன தெரியப்போகுது?

ஒரே ஆளையே பிடிச்சுட்டுத் தொங்குறதும் வேணாம். 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதின ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், தனக்கு முந்தின எழுத்தாளர்கள் லேம்ப், ஹாஸ்லிட், டீஃபோ, மோன்டேய்ன்னு பலரை குரங்கு மாதிரி போலச் செஞ்சு பழகினதா 1887-ல வந்த புத்தகத்துல அவரே எழுதியிருக்கார். அப்புறம், பயிற்சிக்கு எழுதினதைச் சொந்தக் கதைன்னு பத்திரிகைக்கு அனுப்பிடாதீங்க, அது நோட்டுலயே கிடக்கட்டும்.

யாரும் பேசாத ஒண்ணு இருக்கு, மொழிபெயர்ப்பு. ரஷ்ய நாவலைத் தமிழ்ல படிச்சுட்டு அந்த எழுத்தாளர் மாதிரியே எழுதுறேன்னு கிளம்புறவங்க உண்மையில காப்பி அடிக்கிறது மொழிபெயர்ப்பாளரோட வாக்கியத்தை, சில சமயம் அவர் திணறின இடத்தையும் சேத்து. அந்த மாதிரி புத்தகத்துல இருந்து காட்சியை எங்க ஆரம்பிக்கிறாங்க, எந்தத் தகவலை எவ்வளவு நேரம் மறைச்சு வைக்கிறாங்க, உரையாடலை எந்த இடத்துல வெட்டுறாங்கன்னு எடுத்துக்கங்க, அதெல்லாம் மொழி மாறினாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வாக்கிய ஓசைக்கு மட்டும் தமிழ்லயே யோசிச்சு எழுதினவங்ககிட்ட போங்க, அதையும் வாய்விட்டுப் படிங்க.