டிக்கெட் எத்தனை மணிக்கு முடிகிறது?

மாலை ஆறு மணிக்கு ஒரு கணக்கீட்டை ஓடவிட்டுவிட்டுக் கிளம்பினேன். முப்பது மணி நேரம் ஓட வேண்டிய வேலை. மறுநாள் வந்து பார்த்தால் அதிகாலை நாலு மணி சுமாருக்கே செத்துக் கிடந்தது. லாக் கோப்பின் கடைசி வரி ‘பெர்மிஷன் டினைட்’. கோப்பு என்னுடையது, அது இருந்த ஃபோல்டரும் என்னுடையது. அரை நாள் முழுக்க அனுமதிகளையே நோண்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த ஃபோல்டர் நெட்வொர்க் வழியாக வருவது, அதைத் திறப்பது என் கெர்பரோஸ் டிக்கெட், அதாவது நெட்வொர்க்கில் நான் யார் என்று நிரூபிக்கும் தற்காலிகச் சீட்டு, அதன் ஆயுள் பத்து மணி நேரம். ஆறோடு பத்தைக் கூட்டத்தான் எனக்கு அரை நாள் பிடித்தது.

கெர்பரோஸ் 1980களில் எம்ஐடியின் அத்தீனா திட்டத்தில் பிறந்தது. அதன் அடிப்படை எளிது. உங்கள் பாஸ்வேர்ட் நெட்வொர்க்கில் போவதே இல்லை. பாஸ்வேர்டிலிருந்து ஒரு சாவி உருவாகிறது. அந்தச் சாவியால் இப்போதைய நேரத்தைப் பூட்டி, டிக்கெட் வழங்கும் கேடிசி எனப்படும் சர்வருக்கு அனுப்புகிறது உங்கள் கணினி. அங்கே அது சரியாகத் திறந்தால் ஒரு முதன்மை டிக்கெட் கிடைக்கிறது. கோப்பு சர்வர், தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் என்று ஒவ்வொரு சேவைக்கும் தனி டிக்கெட் வேண்டும். அவற்றையெல்லாம் இந்த முதன்மை டிக்கெட்டைக் காட்டியே வாங்கிக்கொள்ளலாம். முதன்மை டிக்கெட் காலாவதியானால் புதிதாக எதுவும் கிடைக்காது.

முதன்மை டிக்கெட்டை வாங்குவதற்கான கட்டளை கேஇனிட். டெர்மினலில் கே, ஐ, என், ஐ, டி என்று சிறிய எழுத்துகளில் அடியுங்கள். வெறுமனே அடித்தால் பெரும்பாலும் கணினியில் உள்ள உங்கள் பயனர்பெயரையும் அமைப்புக் கோப்பில் இருக்கும் ரெல்மையும் (ஒரு கேடிசியின் ஆளுகைக்கு உட்பட்ட வட்டாரத்தின் பெயர்) சேர்த்துக்கொள்ளும். பெயர் வேறு என்றால் பின்னால் பயனர்பெயர், அட் குறி, ரெல்ம் என்று முழுதாகக் கொடுங்கள். ரெல்மைப் பெரிய எழுத்தில் வைப்பதுதான் வழக்கம், அதைச் சின்ன எழுத்தில் அடித்தால் வேறொரு ரெல்மைத் தேடிப் போய்விடும். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராது. முடிந்ததும் எந்தச் செய்தியும் இல்லாமல் ப்ராம்ப்ட் திரும்பினால் டிக்கெட் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அதோடு நிறுத்திவிடாமல் உடனே கேலிஸ்ட் அடித்துப் பாருங்கள். கே எழுத்தோடு லிஸ்ட் சேர்ந்த கட்டளை இது. டிக்கெட் எந்தக் கேஷில் (டிக்கெட்டைச் சேமித்து வைக்கும் இடம்) இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது எல்லாம் வரும். அதில் நான் பார்ப்பது இரண்டே நேரங்கள். ஒன்று ‘எக்ஸ்பயர்ஸ்’. மற்றொன்று, டிக்கெட்டுக்குக் கீழே தள்ளி வரும் ‘ரினியூ அன்டில்’. இந்த இரண்டும் வெவ்வேறு கடிகாரங்கள் என்பது புரிந்துவிட்டால் கெர்பரோஸ் தரும் தலைவலியில் பாதி போய்விடும்.

முதல் கடிகாரம் டிக்கெட்டின் ஆயுள். இரண்டாவது, அதே டிக்கெட்டை பாஸ்வேர்ட் இல்லாமல் எவ்வளவு நாள் வரை புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்பது. வாங்கும்போதே இரண்டையும் கேட்கலாம். கேஇனிட்டுக்குப் பின் ஹைஃபன் சின்ன எல் போட்டு 10 மணி நேரம் என்றும், ஹைஃபன் சின்ன ஆர் போட்டு 7 நாள் என்றும் கொடுங்கள். 10, 7 எண்களை ஒட்டி முறையே ஹெச் (‘அவர்’), டி (‘டே’) எழுத்துகள் சிறியதாக வர வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கேடிசி தன் உச்சவரம்புக்கு மேல் கேட்டால் சத்தமில்லாமல் குறைத்துக் கொடுக்கும், பிழை என்று சொல்லாது. கேலிஸ்ட்டை உடனே பார்க்கச் சொன்னது இதற்கும்தான்.

புதுப்பிக்க, கேஇனிட்டுக்குப் பின் ஹைஃபன் பெரிய ஆர். சின்ன ஆர் கேட்பதற்கு, பெரிய ஆர் செய்வதற்கு. இதில் நான் பலமுறை தடுமாறியிருக்கிறேன். முக்கியமான நிபந்தனை ஒன்று: டிக்கெட் உயிரோடு இருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும். ‘ரினியூ அன்டில்’ இன்னும் ஆறு நாள் காட்டினாலும், ‘எக்ஸ்பயர்ஸ்’ தாண்டி ஒரு நிமிடம் ஆகியிருந்தால் அந்த ஆறு நாளால் பயனில்லை. திரும்ப பாஸ்வேர்ட் அடித்து வாங்க வேண்டியதுதான். ‘ரினியூ அன்டில்’ வரியே இல்லையென்றால் அந்த டிக்கெட் புதுப்பிக்க முடியாதது.

நடுராத்திரி எழுந்து பெரிய ஆர் அடிக்க யாராலும் முடியாது. அதற்கு கேஸ்டார்ட் தொகுப்பில் வரும் கேரினியூ இருக்கிறது. கேரினியூ என்று அடித்து அதன் பின்னால் உங்கள் நிரலைக் கொடுத்தால், அவ்வப்போது விழித்துப் பார்த்து, தேவைப்பட்டால் டிக்கெட்டைப் புதுப்பிக்கும். நிரல் முடிந்ததும் தானும் முடியும். குறித்த நேரங்களில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரானில் கேஇனிட் பெரிய ஆர் போட்டும் ஓட்டலாம், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எஸ்எஸ்ஹெச் வழியாக வந்த டிக்கெட் பல இடங்களில் வேறு பெயருள்ள கேஷில் உட்கார்ந்திருக்கும், கிரானுக்கு அது கண்ணில் படாது.

ஒரு வாரத்துக்கும் மேல் ஓடும் வேலைக்கு, கணக்கின் சாவியையே சேமித்து வைக்கும் கீடேப் கோப்பு வேண்டும். ஹைஃபன் சின்ன கே, ஹைஃபன் சின்ன டி (‘டிக்கெட்’டின் முதல் எழுத்து), கோப்பின் பெயர், கணக்கின் பெயர் என்று கேஇனிட்டுக்குக் கொடுத்தால் பாஸ்வேர்ட் கேட்காது. ஆனால் அந்தக் கோப்பு கையில் கிடைத்தவர் நீங்களாகவே ஆகிவிடலாம். அனுமதி 600க்கு (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) மேல் வைக்காதீர்கள். சொந்தக் கணக்குக்கு நான் கீடேப் வைத்துக்கொள்வதே இல்லை. நிர்வாகியிடம் தனிச் சேவைக் கணக்கு கேட்டு வாங்குகிறேன். பாஸ்வேர்டை மாற்றினால் பழைய கீடேப் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு கேலிஸ்ட் ஹைஃபன் சின்ன எஸ் கைகொடுக்கும். அது எதையும் அச்சிடாது. செல்லும் டிக்கெட் இருந்தால் 0, இல்லையென்றால் 1 என்று முடியும். இப்போது செல்லுமா என்று மட்டும்தான் சொல்லும், இன்னும் எத்தனை மணி நேரம் என்று சொல்லாது.

எல்லாம் சரியாகச் செய்தும் ‘க்ளாக் ஸ்க்யூ டூ கிரேட்’ என்று வந்தால் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். கேடிசியோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழக்கமாக ஏற்காது. தூங்கவைத்து எழுப்பிய மெய்நிகர் இயந்திரங்களில் இது அடிக்கடி நடக்கும். வேறு எதற்கும் காரணம் புரியவில்லை என்றால், கேஆர்பி5, அடிக்கோடு, ட்ரேஸ் என்ற சூழல் மாறியில் ஒரு கோப்பின் பெயரை வைத்துவிட்டுத் திரும்ப கேஇனிட் அடியுங்கள். சூழல் மாறியின் பெயர் முழுதும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். எந்த சர்வரிடம் போனது, அது என்ன சொன்னது என்று வரிவரியாக அந்தக் கோப்பில் இருக்கும்.

டிக்கெட்டை அழிக்க கேடெஸ்ட்ராய். ஹைஃபன் பெரிய ஏ சேர்த்தால் எல்லாக் கேஷ்களும் போகும். பொதுக் கணினியில் இதைச் செய்யாமல் எழுந்து போகக் கூடாது. ஆனால் அடிக்கும் முன் வேறு ஜன்னலில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். நல்ல பழக்கம் என்று எண்ணி ஒரு மாலை கேடெஸ்ட்ராய் அடித்துவிட்டு எழுந்தேன்; பக்கத்து ஜன்னலில் அதே கேஷை நம்பி ஓடிக்கொண்டிருந்த வேலையும் சற்று நேரத்தில் படுத்துவிட்டது. கேரினியூவுக்குள் நிரலை ஓட்டினால் அது கேஷைப் பிரதி எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளும், இந்த வம்பு வராது.