எந்த நெல் ரகம் இலைக்கருகலைத் தாங்கும்? தொட்டியிலயே சோதிச்சுப் பாக்கலாம்

கார்த்திகையில மழையும் காத்துமா ரெண்டு நாள் அடிச்சு ஓஞ்சதும் எங்க மன்னார்குடி பக்கம் சம்பா வயல்ல தோகை நுனியிலேர்ந்து ஓரமாவே வைக்கோல் கலர்ல கருகிக்கிட்டு இறங்கும், அதான் பாக்டீரியா இலைக்கருகல். பக்கத்து வயல்ல வரலையேன்னு அந்த ரகத்தை நம்பி விதை வாங்கிடாதீங்க, அங்க கிருமியே போகாம இருந்திருக்கலாம்.

அதனால தொட்டியில நட்டு, கிருமியை நாமளே கொடுத்துப் பாக்கணும். முதல்ல தொட்டி. ரகத்துக்கு மூணு தொட்டி, எல்லாத்துக்கும் ஒரே மண்ணு, ஒரே அளவு யூரியா (தழைச்சத்து கூடுனா கருகலும் கூடும்). இதோட ஆந்திரா பொன்னி, அதாவது பிபிடி 5204, மூணு தொட்டி கண்டிப்பா வைங்க. அதுக்கு இந்த நோய் சுலபமா வரும், அதுக்காகத்தான் வைக்கிறோம். அதுவே கருகலைன்னா உங்க கிருமித் தண்ணியில (நோய் தோகையை ஊறவச்சு எடுக்குறது, கீழ சொல்றேன்) வேலை நடக்கலைன்னு அர்த்தம், மத்த ரகமெல்லாம் பச்சையா நின்னாலும் நம்ப முடியாது. நான் முதல் தடவை இதை வைக்காம விட்டுட்டு எல்லா ரகமும் தாங்குதுன்னு சந்தோஷப்பட்டு, அடுத்த சம்பாவுல நல்லா அடி வாங்கினேன். தாங்குற பக்கத்துக்கு இம்ப்ரூவ்டு சம்பா மசூரி கிடைச்சா வைங்க, அதே பிபிடியில மூணு எதிர்ப்பு ஜீனைச் சேத்து ஹைதராபாத்ல உருவாக்கி 2008ல வந்தது.

நட்டு 40, 45 நாள்ல தூர் கட்டினதும் உங்க ஊர் வயல்லேர்ந்தே நோய் தோகை எடுங்க, கிருமியில பல வகை இருக்கு. ஒரு துண்டை வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணியில பிடிச்சா வெட்டுவாயிலேர்ந்து பால் மாதிரி கலங்கலா இழை இறங்கணும், இறங்கலைன்னா அது வேற கோளாறு. கருகலும் பச்சையும் சேர்ற இடத்தைப் பொடியா நறுக்கி, கொதிச்சு ஆறின தண்ணியில அரை மணி நேரம் ஊறவச்சு வடிகட்டி அன்னிக்கே பயன்படுத்துங்க.

வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொரு ரகத்துலயும் ஒரு தொட்டியில வெறும் தண்ணியில முக்கின கத்தரிக்கோலால தோகை நுனியை ரெண்டு மூணு செ.மீ. வெட்டுங்க, இதை முதல்ல முடிச்சிடணும். அப்புறம் மத்த ரெண்டு தொட்டியில கிருமித் தண்ணியில முக்கி, வெட்டுக்கு வெட்டு முக்கி, தொட்டிக்கு அஞ்சு தோகை.

14ஆம் நாள் ஸ்கேல் வச்சு கருகல் நீளத்தை அளந்து சராசரி போடுங்க. 5 செ.மீ.க்குள்ள நின்னா தாங்குது, 10 வரைக்கும் ஓரளவு, 15ஐத் தாண்டினா வேண்டாம்.

தொட்டியெல்லாம் வயலுக்குத் தள்ளி இருக்கட்டும், அந்தத் தண்ணி வாய்க்கால்ல கலக்கவே கூடாது, முடிஞ்சதும் பயிரைப் பிடுங்கி எரிச்சிட்டு கத்தரிக்கோலைக் கொதிதண்ணியில போட்டு எடுங்க.