சொன்னது போய்ச் சேர்ந்ததா?

"நான்தான் அப்பவே சொன்னேனே!" வேலையிடத்திலும் வீட்டிலும் எத்தனையோ மனத்தாங்கல் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சொல்வதோடு வேலை முடிவதில்லை. கேட்டவர் என்ன புரிந்துகொண்டார் என்று தெரிந்த பிறகுதான் முடிகிறது. பேச்சுத்திறமை என்றதும் நல்ல குரல், தடையில்லாத பேச்சு, மேடைத் துணிச்சல் என்று பலரும் நினைக்கிறார்கள். அன்றாட வாழ்க்கையில் இவற்றைவிட அதிகம் உதவுவது, சொன்னதைச் சரிபார்க்கும் பழக்கம்.

நமக்குத் தெளிவாகத் தெரிவது மற்றவருக்கு ஏன் தெரிவதில்லை? 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஓர் ஆய்வு நடத்தினார். ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட, எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றுதான். தட்டுபவரின் தலைக்குள் மெட்டு ஓடுகிறது. கேட்பவருக்கு வெறும் 'டொக் டொக்' சத்தம். நாம் வேலை சொல்லும்போதும் இதேதான் நடக்கிறது.

ஆகவே முதலில் தலைக்குள் இருப்பதை வெளியே எடுத்து வைக்க வேண்டும். இந்த வரியைப் பாருங்கள்: "அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் சீக்கிரம் பார்த்துடுங்க." எந்த ரிப்போர்ட், பார்த்து என்ன செய்வது, சீக்கிரம் என்றால் எப்போது? ஒன்றும் இல்லை. இதையே இப்படிச் சொல்லலாம்: "செப்டம்பர் விற்பனை ரிப்போர்ட்ல 3-ஆம் பக்கத்து அட்டவணை மட்டும். கூட்டல் சரியா இருக்கான்னு பார்த்து வியாழன் சாயங்காலம் 4 மணிக்குள்ள மெயில் பண்ணுங்க. தப்பு இருந்தா திருத்த வேண்டாம், குறிச்சு மட்டும் வைங்க. வெள்ளி காலை 10 மணி மீட்டிங்குக்கு வேணும்."

எது, என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், எதுவரை, எதற்காக என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. பெரும்பாலும் விட்டுப்போவது கடைசியில் உள்ள 'எதற்காக'. அதை விடவே கூடாது என்பேன். காரணம் தெரிந்தவர், வியாழன் 4 மணிக்கு முடியாவிட்டால் இரவு 9 மணிக்காவது அனுப்புவார். தெரியாதவர் வெள்ளி மதியம் அனுப்பிவிட்டு, ஏன் கோபப்படுகிறீர்கள் என்று கேட்பார்.

'அடுத்த வெள்ளி' என்பது வருகிற வெள்ளியா, அதற்கடுத்ததா என்ற குழப்பம் எப்போதும் உண்டு, தேதியைச் சொல்லிவிடுங்கள். எண்ணோடு அலகும் சேர வேண்டும். 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று தொலைந்துபோனதற்குக் காரணம், ஒரு குழு பவுண்டு அலகில் கொடுத்த எண்களை இன்னொரு குழு நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டதுதான்.

அடுத்தது சரிபார்ப்பது. விமானத்துறை இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, ரேடியோவில் இருவர் ஒரே நேரத்தில் பேசியதால் எழுந்த இரைச்சல் என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, விமானி சொன்ன தெளிவற்ற ஒரு வரி. அவர் ஓடுபாதையில் கிளம்பிவிட்டார். கட்டுப்பாட்டு அறையோ அவர் புறப்படத் தயாராக நிற்கிறார் என்று எடுத்துக்கொண்டு 'ஓகே' என்றது. இன்று 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரவும் அதை ரத்து செய்யவும் மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அனுமதி பெறும் விமானி அதை வாயால் திரும்பச் சொல்லியாக வேண்டும். 'கேட்டுக்கொண்டேன்' என்று பொருள்படும் வெறும் 'ரோஜர்' செல்லாது.

இதை நம் வாழ்க்கைக்குக் கொண்டுவரும்போது பலர் சறுக்குவது கேட்கும் விதத்தில். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். புரியவில்லை என்று சொல்ல யாருக்கும் கூச்சம்தான். "நான் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க" என்பதோ பரீட்சை வைப்பது போல ஆகிவிடும். நோயாளிகளிடம் நல்ல மருத்துவர்கள் கேட்பது இப்படி: "நான் சரியா விளக்கினேனான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்க?" பொறுப்பு சொன்னவர் தலையில் விழுகிறது, கேட்டவருக்குத் தலைகுனிவு இல்லை. அடுத்து என்ன செய்வார் என்று கேட்பதால் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கவும் வழியில்லை. வேலையிடத்தில் "முதல்ல எதுல ஆரம்பிக்கப் போறீங்க?" என்ற ஒரு கேள்வியே போதும். எல்லாவற்றுக்கும் இப்படிக் கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். பணம், தேதி, பெயர், மருந்து, பிறகு திருத்த முடியாத காரியம், இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டால் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாதவர்கள் குறைந்தார்கள். மூன்று நொடி மௌனம் முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். மனதுக்குள் எண்ணிப் பழகுங்கள்.

வீட்டுப் பேச்சில் கணக்கு வேறு. "இன்னைக்கு ஆபீஸ்ல ஒரே தொல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் தீர்வு கேட்கிறாரா, சொல்வதைக் கேட்க ஒரு காது போதும் என்கிறாரா? தெரியாமல் யோசனை சொல்லத் தொடங்குவதுதான் பெரும்பாலான இடங்களில் பேச்சை முறிக்கிறது. "நான் சும்மா கேட்கட்டுமா, ஏதாவது யோசனை சொல்லட்டுமா?" என்று நேராகவே கேட்டுவிடலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

குறை சொல்லும்போது நடந்தது, அதனால் உங்களுக்கு என்ன ஆனது, இனி என்ன வேண்டும் என்ற வரிசையில் போங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்றால் 'எப்பவுமே'வை மறுக்கவே பேச்சு செலவாகிவிடும். "தம்பி, நேத்து 9 மணிக்கு வந்துடுவேன்னு சொன்னே, 11 ஆச்சு. போனும் எடுக்கல. பயந்துபோயிட்டேன். இனிமே லேட்டாகும்னா ஒரு மெசேஜ் போட்டுடு" என்றால் மறுக்க ஒன்றுமில்லை, செய்யவேண்டியதும் கையில் இருக்கிறது. "நீ பொறுப்பில்லாதவன்னு எனக்குத் தோணுது" என்பது மட்டும் வேண்டாம். அது உணர்வைச் சொல்வதுபோல் தொடங்கினாலும், முழுக்கத் தீர்ப்புதான்.

குரல் உயர்ந்துவிட்டால் நிறுத்துங்கள். உடம்பு அடங்க 20 நிமிடமாவது ஆகும். ஆனால் "எட்டரைக்குப் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொல்லாமல் போனால், பாதியில் உதறிவிட்டுப் போனதாகத்தான் அவர் நினைப்பார்.

பேச்சில் 7 சதவீதம்தான் சொற்கள், மற்றதெல்லாம் குரலும் உடல்மொழியும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். இந்த எண் வந்த ஆய்வில் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் ஆராய்ந்தது, ஒருவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதில் சொல், தொனி, முகம் மூன்றும் முரண்படும்போது எதை நம்புகிறோம் என்பதை. அந்த எண்ணை எல்லாப் பேச்சுக்கும் அவரே பொருத்தவில்லை. தேதியைத் தப்பாகச் சொன்னால் எந்தப் புன்னகையும் திருத்தாது.

எதை எழுதுவது, எதைப் பேசுவது? எண்ணும் தேதியும் எழுத்தில். வருத்தமான செய்தியும் குறையும் குரலில், முடிந்தால் நேரில். வெறும் "சரி" என்று மெசேஜ் வந்தால் அது சம்மதமா கோபமா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு முறை எழுதியும் புரியவில்லையென்றால் மூன்றாவது மெசேஜ் வேண்டாம், போன் செய்யுங்கள். பேசி முடித்ததும் மூன்றே வரி அனுப்புங்கள்: என்ன முடிவாயிற்று, யார் செய்கிறார், எந்தத் தேதிக்குள். கீழே "நான் ஏதாவது தப்பா எழுதியிருந்தா சொல்லுங்க" என்று சேர்த்துவிட்டால், திருத்தம் இருந்தால் அன்றைக்கே வந்துவிடும்.