"என் கடை, என் இஷ்டம்"னு ஒருத்தர் ஆரம்பிச்சா எப்படி பேசுறது

குரூப்ல யாராச்சும் "சமத்துவம்னு சட்டம் போட்டா சுதந்திரம் காலி"ன்னு ஆரம்பிப்பாங்க. உடனே பொங்காதீங்க. பெரிய பெரிய தத்துவக்காரங்க பேரையும் எடுத்தவுடனே இறக்காதீங்க, அதுக்கு முன்னாடி ஒரு நெஜ கேஸ மேசையில வைங்க, நான் வைக்கறது எப்பவும் அட்லாண்டா மோட்டல் கேஸ்தான்.

1964 ஜூலைல அமெரிக்காவுல சிவில் ரைட்ஸ் சட்டம் வருது, ஓட்டல் லாட்ஜ்ல நிறம் பாத்து ஆள திருப்பி அனுப்பக்கூடாதுன்னு. அட்லாண்டாவுல 216 ரூம் வச்சிருந்த ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல் ஓனர் மோர்டன் ரோல்ஸ்டன், அவரே வக்கீல் வேற, நேரா கோர்ட்டுக்குப் போயிட்டார். என் சொத்து, யாருக்கு ரூம்னு நான்தான் சொல்வேன்னாரு, அதோட நிக்காம பிடிக்காதவங்களுக்கு ரூம் குடுக்கச் சொல்றது என்னை அடிமையாக்குற மாதிரின்னு, அடிமை முறைய ஒழிச்ச அதே அமெரிக்க அரசியல் சட்ட 13-வது திருத்தத்த தூக்கிக் காட்டினாரு பாருங்க, அந்தத் துணிச்சல என்ன சொல்ல!

இப்போ ஒரு பேப்பர் எடுத்து ரெண்டு பக்கமும் யாருக்கு என்ன சுதந்திரம் போகுதுன்னு எழுதுங்க. ஓனருக்கு ஆள் பொறுக்குற சுதந்திரம். அந்தப் பக்கம், ராத்திரில குடும்பத்தோட கார் ஓட்டிட்டு வர்ற கறுப்பினத்தவருக்கு எந்த ஊர்ல படுக்கலாம்னே தெரியாது, அதுக்குன்னே விக்டர் கிரீன்னு ஒரு தபால்காரர் 1936-ல இருந்து தனியா வழிகாட்டி புத்தகம் போட வேண்டியிருந்துச்சு. எழுதி முடிச்சதும் எதிராளிகிட்ட ஒண்ணு கேளுங்க: ரூம் இல்லைன்னு சொல்லியும் ஒருத்தர் மோட்டல் வரவேற்பறைல உக்காந்து எழுந்திரிக்கலைன்னா ஓனர் யாரக் கூப்பிடுவார்? போலீஸதானே. அப்போ அரசாங்கம் ஏற்கனவே உள்ளதான் இருக்கு, ஓனர் பக்கம்.

அந்த டிசம்பர்ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்தோட 9 நீதிபதிகளும் ரோல்ஸ்டனுக்கு எதிரா தீர்ப்பு சொன்னாங்க, ஆனா தத்துவமெல்லாம் பேசல, மாநிலம் விட்டு மாநிலம் நடக்குற வியாபாரம், அதுல சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இருக்குன்னு முடிச்சிட்டாங்க. நம்மூர்ல 1950-லயே அரசியல் சட்டம் 15(2)-ல கடை, ஓட்டல், கிணறு வரைக்கும் எழுதி வச்சாச்சு, அப்புறமும் டீக்கடைல இரட்டைக் குவளை இருந்துச்சே, அது தனிக் கதை.

இதோட ஜெயிச்சிட்டோம்னு எழுந்திரிச்சிடாதீங்க. விவரமான ஆளா இருந்தா அமெரிக்கத் தத்துவக்காரர் ராபர்ட் நோசிக் 1974-ல சொன்ன கணக்க எடுப்பார்: எல்லார் கையிலயும் சமமா காசு, பத்து லட்சம் பேர் ஆசைப்பட்டு பாஸ்கெட்பால் பிளேயர் சேம்பர்லெய்னுக்கு ஆளுக்கு 25 சென்ட் போடறாங்க, அவர்கிட்ட 2,50,000 டாலர் சேந்துடுச்சு, யாரும் யாரையும் ஏமாத்தல, சமத்துவம் மட்டும் போச்சு. இது உண்மையிலேயே இடிக்கிற இடம், ஒத்துக்கோங்க, மழுப்பாதீங்க. நான் இங்க கேக்கறது ஒண்ணுதான், காசு போடாத அடுத்த தலைமுறைப் பிள்ளைங்க, அந்தப் பணம் நிலமா ஸ்கூலா பதவியா மாறி வழிய மறிச்சா, அவங்க எதுக்கு சம்மதிச்சாங்க?

கடைசியா கோட்ட எங்க போடறதுன்னு பேசுங்க. வீட்டுக்கு யாரைச் சாப்பிடக் கூப்பிடறதுன்னு எந்தச் சட்டமும் சொல்லல. அந்த 1964 சட்டமே, ஓனர் அங்கயே குடியிருந்து, வாடகைக்கு விடற ரூம் அஞ்சுக்கு மேல இல்லைன்னா விட்டுடுச்சு. 216 ரூம்னா எனக்குக் குழப்பமே இல்ல, ஆனா அந்த அஞ்சாவது ரூம் வாசல்ல ராத்திரி பதினோரு மணிக்கு கைக்குழந்தையோட ஒருத்தர் நின்னா என்ன பண்றது, அத குரூப்ல கேட்டுப் பாருங்க.