மங்கிய ஹெட்லைட்: சிக்கல் எர்த் போல்ட்டில்

பைக் ஹெட்லைட் மங்கலாகவே எரிந்தது. புது பல்பு மாற்றினேன், பேட்டரிக்கு முழு சார்ஜ் ஏற்றினேன், ஹேண்டில் சுவிட்சைச் சுத்தம் செய்தேன். எதற்கும் அசையவில்லை.

பல்பைக் கழற்றி ஹோல்டரில் மல்டிமீட்டர் வைத்தால் 12.4 வோல்ட். எல்லாம் சரி என்றே காட்டியது. பல்பை ஓம் அளவில் வைத்தால் அரை ஓம்கூட இல்லை. 12-ஐ அதால் வகுத்தால் 24 ஆம்பியருக்கு மேல் வரும். ஷார்ட் என்று பயப்பட வேண்டாம். குளிர்ந்த இழையின் தடை அவ்வளவுதான். எரியும்போது அது பத்து மடங்குக்கும் மேல் ஏறும். 35 வாட் பல்புக்கு எரியும்போது 2.9 ஆம்பியர், சுமார் 4.1 ஓம்.

பல்பு எரியாதபோது மின்னோட்டம் ஓடாது; வழியில் வோல்ட் தொலைவதும் தெரியாது. அதனால் விளக்கை எரியவிட்டே அளந்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட், பல்பு முனைகளில் 9.6 வோல்ட், ஃபியூஸ் இடத்தில் மீட்டரை இணைத்தால் 2.6 ஆம்பியர். 9.6 × 2.6 = 25 வாட். வழியில் தொலைந்த 2.8 வோல்ட்டை 2.6-ஆல் வகுத்தால் ஒரு ஓமுக்குச் சற்று மேல். நல்ல ஒயரில் இவ்வளவு தடை இருக்கவே கூடாது.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பல்பின் எர்த் முனையிலும் (மின்னோட்டம் ஃபிரேம் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்) வைத்தேன்: 2.3 வோல்ட். பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது! ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஃபிரேமில் இருந்த எர்த் போல்ட்டின் அடியில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். இப்போது பல்பில் 12 வோல்ட், 2.9 ஆம்பியர், 35 வாட். அப்பாடா!