ஒரு அறைக்காக மொத்த டேபிளையும் பூட்டாதீர்கள்

வேலூர் லாட்ஜ்களுக்கு புக்கிங் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. வைத்தியத்துக்கு வருகிறவர்கள் காலையில் கூட்டமாக வந்து இறங்குவார்கள். இரண்டு கவுண்டரில் ஒரே நொடியில் 204-ஆம் அறையைக் கொடுத்துவிடக் கூடாதே என்று பலர் கோடில் ‘லாக் டேபிள்ஸ்’ (எல்லா அறைப் பதிவும் இருக்கும் டேபிளையே மொத்தமாகப் பூட்டும் கட்டளை) போட்டுவிடுகிறார்கள். அந்த அறை தப்பும். ஆனால் மற்ற எல்லா அறைக்கான வேலையும் வரிசையில் நிற்கும்.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் இன்னொரு வம்பும் உண்டு. டிரான்ஸாக்‌ஷன் (மொத்தமாக முடியவோ மொத்தமாக ரத்தாகவோ வேண்டிய கட்டளைகளின் கட்டு) நடுவில் லாக் டேபிள்ஸ் கொடுத்தால், அதுவரை செய்ததெல்லாம் கேட்காமலே கமிட் ஆகிவிடும், அதாவது நிரந்தரமாகப் பதிந்துவிடும். அப்புறம் செய்ததை ரத்து செய்ய ரோல்பேக் கொடுத்துப் பயனில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் மோடு (எந்த வகைப் பூட்டு என்பது) எதுவும் சொல்லாமல் டேபிளைப் பூட்டினால், சும்மா படிக்க வருகிற செலக்ட்கூடக் காத்துக் கிடக்கும்.

சரி, என்ன செய்யலாம்? டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி, அந்த அறையின் வரியை மட்டும் ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ போட்டு எடுங்கள். காலியாக இருந்தால் பதிந்து, கமிட் செய்யுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி (தரவைச் சேமிக்கும் எஞ்சின்) என்றால் அறை எண்ணுக்கு இண்டெக்ஸ் (வரியை நேராகக் கண்டுபிடிக்க உதவும் அகராதி மாதிரி) கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தேடிப்போன வரிகள் எல்லாமே பூட்டப்படும், பழைய கதைதான்.

பூட்டைப் பிடித்துக்கொண்டே ஆதார் ஸ்கேன், ஓடிபி, அட்வான்ஸ் என்று இழுக்காதீர்கள். இன்னோடிபியில், நாம் மாற்றி வைக்காதவரை, அடுத்த கவுண்டர் 50 விநாடி காத்திருந்துவிட்டு எரர் வாங்கும். அந்த எரரில் கடைசி கட்டளை மட்டும்தான் ரத்தாகும். முழு டிரான்ஸாக்‌ஷனுக்கும் ரோல்பேக்கை நீங்களேதான் கோடில் எழுத வேண்டும்.